ஏழு நாளுக்குள் யாரிடம், எந்த மொழியில் சொல்வது? கேரள விஜிலென்ஸ் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விஜிலென்ஸ் அண்டு ஆன்டி கரப்ஷன் பீரோ (கேரளத்தின் லஞ்ச ஒழிப்புத் துறை) இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஒரு பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறேன். காலையும் மாலையும் இங்கே பால் ஊற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், அல்லது பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள். எனக்கு மலையாளம் எழுத வரும் என்பதால், பால் வண்டி போன பிறகு யாராவது ஒருவர் காகிதத்தோடு வந்து நிற்பார். நிலம் தன் கைவசம் இருக்கிறது என்று காட்டும் பொசஷன் சர்ட்டிபிகேட்டுக்கு மனு, நிலப் பட்டயத்தில் பெயர் திருத்தம், கரம் (நில வரி) அடைத்த ரசீதில் குழப்பம், விதவைப் பென்ஷன் நின்றுபோன கதை. மனு எழுதும்போதே மற்றதும் வரும். யார் எவ்வளவு கேட்டார், யார் எத்தனை தடவை திருப்பி அனுப்பினார், யார் முகம் கொடுத்துப் பேசினார் என்பதெல்லாம். அப்படிக் கேட்டுக் கேட்டு மனதில் சேர்ந்ததை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர் ஒருவர் மேல் உங்களிடம் புகார் சொல்ல எங்களுக்குத் தமிழில் ஒரு வழி வேண்டும். சொன்ன புகார் என்ன ஆயிற்று என்று தமிழில் ஒரு பதில் வேண்டும். அப்புறம், லஞ்சம் கைமாறுகிற அந்த ஒரு நிமிடத்தோடு உங்கள் பார்வை நின்றுவிடக் கூடாது. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் அந்த ஊழியர் மக்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரமாக மொழியைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், சட்டம் எங்களுக்கு ஏழு நாள்தான் கொடுத்திருக்கிறது.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018 ஜூலையில் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு லஞ்சம் வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் நேரடியாகவே குற்றவாளி. 8-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டவருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். கொடுப்பதற்கு முன்பே உங்களிடம் வந்து சொல்லி, உங்கள் ஏற்பாட்டின்படி கொடுத்தாலும் குற்றமில்லை. முன்பு 24-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நான் கொடுத்தேன் என்று சொல்கிற சாட்சிக்கு அது ஒரு பாதுகாப்பு. அதையும் அதே திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

இந்த ஏழு நாள் கணக்கு எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஒரு அம்மா, கணவரை இழந்தவர். மாடு வாங்க பேங்கில் லோன் கேட்டார். பொசஷன் சர்ட்டிபிகேட் கொண்டுவாருங்கள் என்றார்கள். அதற்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். இடத்தைப் பார்க்க வர வேண்டும், வண்டிக்கு பெட்ரோல் போட வேண்டும் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். இவர் பால் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து, கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஏதாவது செய்யணும் என்றார்கள். அப்போதுதான் என்னிடம் வந்தார். முதல் தடவை கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சட்டத்தில் இருப்பதை நான் எடுத்துச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ என்னையும் புடிச்சுப் போடுவாங்களா அம்மிணி?" என்று கேட்டார். எழுதச் சொல்லிக் கொண்டுவந்த காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் தடவை கேட்ட பணத்தையும் கொடுத்துத்தான் சர்ட்டிபிகேட் வாங்கினார் என்பது பிறகு தெரிந்தது.

ஐயா, அந்த அம்மாவுக்கு நேர்மை இல்லாமல் போகவில்லை. பணம் கொடுத்ததில் அவருக்கு ஆதாயமும் இல்லை, சட்டப்படி வர வேண்டியதுதான் வந்தது. கொடுத்த மறுநாளே ஒரு போன் செய்து தன் பாஷையில் சொல்ல முடிந்திருந்தால் அவர் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர். அந்த வழி தெரியாததால் இப்போது அவர் வாய் திறக்கவே பயப்படுகிறார். அவரிடம் பணம் வாங்கியவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு என்ன இருக்க முடியும்?

உங்கள் 1064 என்ற இலவச எண்ணை நான் அறிவேன். நான் போன அலுவலகங்களில் அந்த எண் உள்ள பலகையைப் பார்த்திருக்கிறேன். மலையாளத்தில் இருந்தது, சில இடங்களில் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் பார்த்ததில்லை. வாய் மலையாளம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஓரளவு வரும். சந்தையில் பேசிச் சமாளிப்பார்கள். ஆனால் ஒரு அதிகாரியின் மேல் குற்றம் சொல்வது சந்தைப் பேச்சு இல்லை. எந்தத் தேதி, எந்த நேரம், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார், எதற்குக் கேட்டார் என்று பிசகாமல் சொல்ல வேண்டும். பின்னால் கோர்ட்டில் குறுக்கு விசாரணை வரும். ஒரு வினைச்சொல் மாறினால் 'கேட்டார்' என்பது 'கொடுத்தேன்' என்று ஆகிவிடும். லஞ்ச வழக்கில் பணம் கேட்டார் என்பதை நிரூபிக்க வேண்டியது கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. புகார்தாரர் இறந்துபோனாலும், பிறழ்சாட்சி ஆனாலும், சூழ்நிலைச் சான்றுகளை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். அப்படிப்பட்ட கண்டிப்பு உள்ள வழக்கில், முதல் வாக்குமூலத்தையே ஒருவர் அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டியிருந்தால் என்ன ஆகும்?

தமிழில் எழுத உரிமை கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சட்டம் சொல்கிறது. நீங்கள் ஒரு துறையின் தலைவர். அதனால் உங்களுக்குத் தமிழில் வரும் புகார் வேறு எந்தப் புகாருக்கும் குறைந்தது இல்லை. 'மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா' என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது என்பதை, உங்கள் மாவட்ட யூனிட்களுக்கு ஒரு சுற்றறிக்கையாக நீங்கள் அனுப்பினால் போதும். புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

இனி அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் மனக்கஷ்டம் தருவது இதுதான்.

2023 மே மாதம் எங்கள் மாவட்டத்தின் மறு கோடியில், பாலக்கயம் வில்லேஜ் ஆபீசில் வேலை பார்த்த ஒரு ஃபீல்டு அசிஸ்டென்ட்டை உங்கள் துறை கைது செய்தது. மண்ணார்க்காட்டில், மக்கள் குறை தீர்க்கும் அதாலத் நடந்துகொண்டிருந்த நாளில், 2500 ரூபாய் வாங்கியதாக வழக்கு. அவர் தங்கியிருந்த வாடகை அறையைச் சோதித்தபோது 35 லட்சம் ரூபாய் ரொக்கம் கிடைத்தது என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பிரிக்காத துணிகள், தேன், மூட்டையாக நாணயங்கள் என்று படங்களும் வந்தன. வழக்கின் முடிவு கோர்ட்டின் கையில், அதைப் பற்றி நான் பேசவில்லை. அன்று அந்தச் செய்தியைப் படித்து ஊரே பேசிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. இவ்வளவும் ஒரே நாளில் சேர்ந்திருக்க முடியாதே! அந்த அலுவலகத்தில் அவருக்கு மேல் ஒரு வில்லேஜ் ஆபீசர் இருந்தார். அவருக்கு மேல் தாசில்தார் இருந்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் கூடக் கவனிக்கவில்லையா? கவனித்தவர் யாராவது இருந்தால், அவர் அதை எங்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்?

நடத்தையைக் கண்காணிக்க அரசிடம் கருவிகள் இல்லை என்று சொல்ல முடியாது. 1960-ஆம் ஆண்டின் கேரள அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. ஊழியர்கள் வருஷா வருஷம் ஜனவரியில் தங்கள் சொத்து விவரத்தை ஸ்பார்க் என்ற அரசு ஊழியர்களுக்கான இணையதளத்தில் பதிய வேண்டும். மக்கள் புழக்கம் அதிகமுள்ள அலுவலகங்களில், வேலைக்கு வந்ததும் கையில் எவ்வளவு சொந்தப் பணம் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் திடீர்ச் சோதனைச் செய்திகளில் 'பதிவேட்டில் எழுதப்படாத பணம்' என்று படிக்கிறோமே, அந்தப் பதிவேடுதான். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் நேர்மையை உறுதி செய்வது மேலதிகாரியின் கடமை என்று அதன் 3-ஆம் விதி சொல்கிறது. மக்களிடம் மரியாதை இல்லாமல் நடக்கக் கூடாது, வேண்டுமென்றே வேலையை இழுத்தடிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. மத்திய அரசுக்கு இப்படி விதிகளும் 1964-இலேயே மத்திய விஜிலென்ஸ் கமிஷனும் வந்ததற்குப் பின்னால், தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம் தலைமையில் அமைந்த ஊழல் தடுப்புக் குழுவின் உழைப்பு இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்பே நடத்தையையும் குற்றத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அப்படியிருக்க, எல்லா இடத்திலும் நாங்கள் பார்ப்பது டிராப், அதாவது லஞ்சம் வாங்கும்போதே பொறி வைத்துப் பிடிப்பது மட்டும்தான். பினாப்தலீன் பவுடர் தடவிய நோட்டு, கையைக் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாக மாறும் தண்ணீர், மறுநாள் பேப்பரில் ஒரு போட்டோ. அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அதைச் செய்து முடிக்க எவ்வளவு தைரியமும் பொறுமையும் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் டிராப் நடக்க வேண்டுமென்றால் ஒருவர் துணிந்து புகாரோடு வர வேண்டும். அவர் வருவதற்கு முன்பு அதே மேசையில் பணம் கொடுத்துப் போனவர்களின் கணக்கு எங்கும் வருவதில்லை.

இதில் சட்டத்தின் பங்கும் இருக்கிறது. 2018 திருத்தத்தில் 17ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு ஊழியர் பதவியில் எடுத்த முடிவு, செய்த பரிந்துரை சம்பந்தமாக விசாரிக்க வேண்டுமென்றால் அரசின் முன் அனுமதி வேண்டும். பதில் சொல்ல அரசுக்கு மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம். கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குகளுக்கு மட்டும் அனுமதி வேண்டாம். அதனால் 500 ரூபாய் வாங்கிய கிளார்க்கைப் பிடிப்பது சுலபமாகிறது. ஒரு கோப்பைத் திருப்பி எழுதிக் கோடிக்கணக்கில் நஷ்டம் செய்தவரைத் தொடுவதற்கு, அவர் இருக்கும் அரசிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. இது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். நேர்மையாக முடிவெடுக்கும் அதிகாரியைப் பொய்ப் புகாரிலிருந்து காப்பாற்ற ஏதோ ஒரு வேலி வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வேலிக்குச் சாவி வைத்திருப்பவர் சம்பந்தப்பட்ட அரசாகவே இருப்பது சரியில்லை என்பது என் கருத்து. பதவியில் இருப்பவர்கள் மேல் வரும் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா விஷயத்திலும் இதேதான் நடந்தது. தவறு செய்தவர் பதவியில் தொடரக் கூடாது என்று சொல்ல 1999 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் அதற்கு இருந்த வலு, திருத்த மசோதாவுக்கு 2024-இல் ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்ததோடு போயிற்று. 2021-இல் ஒரு மந்திரியே ராஜினாமா செய்ய வேண்டிவந்தது அந்தப் பிரிவினால்தான்.

சரி, பெரிய இடத்துக் கதையை விடுகிறேன். எங்கள் வாழ்க்கை கவுண்ட்டரில் நடக்கிறது.

அங்கே நடப்பதில் பெரும்பகுதி லஞ்சம் என்ற கணக்கிலேயே வராது. மதியம் வா என்பார்கள், மதியம் போனால் சீட்டில் ஆள் இருக்காது. தமிழில் எழுதிய பழைய பத்திரத்தைக் காட்டினால் 'இது என்னத்துக்கு' என்று தூக்கிப் போடுவார்கள். வயதானவரை ஒருமையில் கூப்பிடுவார்கள். 'அந்த ஏஜென்ட்டைப் பாருங்க' என்று வாசலில் நிற்கிறவரைக் கண்ணால் காட்டுவார்கள். ஏஜென்ட் வாங்கினால் ஆபீசில் இருப்பவரின் கையில் பவுடர் ஒட்டாது. இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் லஞ்சம் கேட்பதற்கு நிலம் உழுது வைப்பது இந்த நடத்தைதான். மூன்று தடவை அலைந்தவர் நான்காம் தடவை யாரும் கேட்காமலே பணத்தை எடுத்து நீட்டுவார். அங்கே கேட்டதற்குச் சாட்சி எங்கிருந்து வரும்?

கேரளத்தில் 2012-லேயே சேவை உரிமைச் சட்டம் வந்தது. எந்தச் சான்றிதழை எத்தனை நாளில் யார் தர வேண்டும், தராவிட்டால் யாரிடம் மேல்முறையீடு, என்ன அபராதம் என்றெல்லாம் ஏற்பாடு உண்டு. ஆனால் எங்கள் ஆட்களில் யாரும் அதன்படி மேல்முறையீடு செய்து நான் கேள்விப்பட்டதில்லை. தாமதமானதற்கு அபராதம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே அலுவலகத்தில், ஒரே சீட்டில், தாமதம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே உங்களுக்கு ஒரு துப்பு. சொத்து விவரம் ஒரு பக்கம், தாமதக் கணக்கு ஒரு பக்கம், மக்களின் புகார் ஒரு பக்கம் என்று மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஒரு மேசை உங்கள் துறையில் இருந்தால், 35 லட்சம் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

உங்கள் நடைமுறையில் ரகசியச் சரிபார்ப்பு, விரைவுச் சரிபார்ப்பு, முதல்கட்ட விசாரணை, விஜிலென்ஸ் விசாரணை என்று பல படிகள் இருக்கின்றன. வழக்குப் போடும் அளவுக்கு இல்லாவிட்டாலும் துறை நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்யலாம். அதற்கென்றே விஜிலென்ஸ் ட்ரிப்யூனல் இருக்கிறது. ஆக, நடத்தைப் பிழையை விசாரிக்க உங்களுக்கு இடம் உண்டு. புகார் சொன்னவருக்குத்தான் இந்தப் படிகளில் எதுவும் தெரிவதில்லை. தன் புகார் எந்தப் படியில் நிற்கிறது, மூடப்பட்டதா, துறைக்கு அனுப்பப்பட்டதா என்று யாரும் சொல்வதில்லை. விசாரணையின் ரகசியம் கெட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'உங்கள் புகார் வந்தது, முதல்கட்டமாகப் பார்த்தோம், குற்ற வழக்குக்கு ஆதாரம் போதவில்லை, துறைக்கு எழுதியிருக்கிறோம்' என்று நாலு வரி போதும். அந்த நாலு வரி வராததால், பணம் கொடுத்து விஜிலென்சையே சரிக்கட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்புகிறது. உங்கள் ஆட்கள் ஒழுங்காக விசாரித்திருந்தாலும் அந்தப் பேச்சை யாரும் நிறுத்த முடியாது.

எல்லை விஷயத்தையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு ஓடை தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். தென்னைமட்டை, வைக்கோல், தீவனம், மாடு, மாங்காய் என்று தினமும் வண்டி போகும் வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வணிக வரிச் சோதனைச் சாவடிகள் போயின. இனி நிம்மதி என்று நினைத்தோம். ஆனால் மோட்டார் வாகனத் துறை சாவடிகள் அப்படியே இருந்தன. 2025 ஜனவரியில் வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் சாவடிகளில் உங்கள் ஆட்கள் திடீர்ச் சோதனை செய்து கணக்கில் இல்லாத பணத்தைப் பிடித்தார்கள். அதே மாதம் மறுபடியும் சோதனை நடந்தது, மறுபடியும் பணம் கிடைத்தது. முதல் சோதனை நடந்த சூடு ஆறுவதற்குள் அதே இடத்தில் மீண்டும் பணம் இருந்தது என்றால், சோதனைக்குப் பயப்படாத ஒரு பழக்கம் அங்கே ஊறிக் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தச் சாவடிகளில் காசு கொடுக்கும் டிரைவர்களில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்தது தமிழ்நாட்டு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. அங்கே போய்ச் சொன்னால், கேரள ஊழியர் மேல் நாங்கள் நடவடிக்கை எடுக்க முடியாது என்பார்கள். அது சரியான பதில்தான். எங்களில் ஒருவர் அந்தப் பக்கத்துச் சாவடியிலோ பத்திர ஆபீசிலோ மாட்டிக்கொண்டால் இங்கே உங்களிடம் சொல்லியும் பயனில்லை. அங்கே 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், இங்கே 1960-ஆம் ஆண்டு விதிகள். ஊழல் தடுப்புச் சட்டம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஏழு நாள் கணக்கும் ஒன்றுதான். தவறான கதவைத் தட்டியதில் மூன்று நாள் போனால் மிச்சம் நாலு நாள். ஆகவே பாலக்காடு யூனிட்டும் கோயம்புத்தூரில் உள்ள அவர்களின் பிரிவும் தங்களுக்கு வரும் புகாரை அன்றைக்கே மற்றவருக்கு அனுப்பி, 'இந்தத் தேதியில் சொல்லப்பட்டது' என்று ஒரு ரசீதும் கொடுக்கும்படி பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ரசீது புகார் சொன்னவரைக் காப்பாற்றும். இந்தப் பேச்சை முதலில் தொடங்க வேண்டியவர் நீங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். சாவடியில் நிற்கிற கேரள ஊழியர் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்.

இன்னொரு தரப்புக்காகவும் பேச விரும்புகிறேன். நேர்மையாக வேலை செய்யும் ஊழியர்கள். அப்படி ஆட்கள் இருப்பதால்தான் எங்கள் பல காரியங்கள் நடக்கின்றன. தமிழ்ப் பத்திரத்தை வாங்கி, தெரியாத வார்த்தைக்கு அருகில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டு, அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு வில்லேஜ் ஆபீசரை எனக்குத் தெரியும். அவர் மாற்றலாகிப் போன அன்று பால் ஊற்ற வந்தவர்கள் அதைப் பற்றியே பேசினார்கள். பக்கத்து மேசையில் நடப்பது இப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அவர்கள் சொன்னால் என்ன பாதுகாப்பு? தகவல் கொடுப்போரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இல் பார்லிமென்டில் நிறைவேறி, ஜனாதிபதி ஒப்புதலும் பெற்று, இன்னும் அமலுக்குக் கொண்டுவரப்படாமல் கிடக்கிறது. சொன்னவர் வயநாட்டுக்கோ காசர்கோட்டுக்கோ மாற்றப்படுவார் என்ற பயத்தில் எல்லோரும் குனிந்துகொண்டு வேலை பார்க்கிறார்கள். ஊழியர் ஒருவர் உங்களுக்கு ரகசியமாகச் சொன்ன பிறகு அவர் மாற்றப்பட்டால், அந்த மாற்றல் ஏன் என்று அவர் துறையை நீங்கள் கேட்க வேண்டும். கேட்பீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பொய்ப் புகார் பெருகும் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பெருகத்தான் செய்யும். எல்லைத் தகராறு உள்ளவர், பட்டயம் கிடைக்காத கோபத்தில் உள்ளவர் என்று பலரும் எழுதுவார்கள். வருகிற புகாரில் எது நெல் எது பதர் என்று பிரிக்கத்தான் முதல்கட்ட விசாரணை என்ற படி இருக்கிறது. லஞ்சப் புகார்களில் வழக்குப் பதியும் முன் அப்படி விசாரிக்கலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பொய் வரும் என்பதற்காக உண்மையின் வாயை அடைத்து வைக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் உடனே செய்யக்கூடியதாக நான் நினைப்பவை இவை. சித்தூர் தாலுக்காவில் உள்ள வில்லேஜ் ஆபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ், சப் ரிஜிஸ்தர் ஆபீஸ், சோதனைச் சாவடி வாசல்களில் 1064 எண்ணோடு தமிழ்ப் பலகை வைக்க வேண்டும். 'கட்டாயப்படுத்திப் பணம் வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லுங்கள், உங்கள் மேல் குற்றம் வராது' என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பணம்தான் லஞ்சம் என்று இல்லை, தேங்காய்க் குலையும் நெய் டப்பாவும் கூட அதே கணக்குதான் என்பதையும் எழுதலாம். இங்கே அது பலருக்குத் தெரியாது, கொடுப்பவர்கள் மரியாதை என்று நினைத்தே கொடுக்கிறார்கள். 1064-இல் கூப்பிட்டால் தமிழ் தெரிந்த ஒருவர் பேச வேண்டும். பாலக்காடு யூனிட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு பக்கத்துத் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதே ஏற்பாடு தேவைப்படும். அவர்கள் நிலைமையை என்னைவிட அங்கிருப்பவர்களே நன்றாகச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. பலகை எழுத ஆள் இல்லை என்றால் எங்கள் ஊரில் தமிழ் எழுதத் தெரிந்த பெயின்டர்கள் இருக்கிறார்கள். வாசகத்தை மட்டும் உங்கள் அலுவலகம் சரிபார்த்துத் தரட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொழிஞ்சாம்பாறையில் உங்கள் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தால், பால் சொசைட்டிகள் மூலமாக நாங்கள் மக்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம். வருகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி வாங்க வேண்டாம். முதலில் அவர்கள் பேசட்டும்.

இந்த மடலில் உள்ள கோரிக்கைகளைத் தனி மனுவாகத் தமிழில் எழுதி, திருவனந்தபுரத்தில் உள்ள உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என் பெயரும் சொசைட்டி முகவரியும் அதில் இருக்கின்றன. 1969 சட்டப்படி எனக்குத் தமிழில் பதில் வர வேண்டும். வந்ததும் பால் அளக்கும் இடத்தில் ஒட்டி வைப்பேன், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுக்கா பால் சொசைட்டி ஊழியர் ஒருவர்